கீபோர்டு விளையாட்டுக்குக் கன்ட்ரோலர் ஸ்டிக்: டெட் சோனும் கோணமும் சரிசெய்வது எப்படி

கீபோர்டை மட்டுமே ஏற்கும் விளையாட்டுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. பழைய பிசி கேம்கள், சின்னக் குழுக்கள் வெளியிடும் இண்டி கேம்கள், பிரவுசரில் ஓடுபவை எல்லாம் இந்த வகை. இவற்றைக் கன்ட்ரோலரில் ஆட வேண்டுமானால் நடுவில் ஒரு மேப்பர் தேவை. ஸ்டிக்கை மேலே தள்ளினால் டபிள்யூ, இடப்பக்கம் தள்ளினால் ஏ என்று அது கீயாக மாற்றி விளையாட்டுக்கு அனுப்பும். ஆன்டிமைக்ரோஎக்ஸ், ஜாய்டுகீ, ஸ்டீமுக்குள்ளேயே வரும் ஸ்டீம் இன்புட் ஆகியவை பரவலாகப் புழங்குபவை.

எந்தத் திசைக்கு எந்தக் கீ என்று சொல்லிக்கொடுப்பது இரண்டு நிமிட வேலை. தொல்லை அதற்குப் பிறகுதான். நேராக ஓட வேண்டிய ஆள் சாய்ந்து ஓடுவான். ஏணியில் ஏறும்போது பக்கவாட்டில் நழுவி விழுவான். ஸ்டிக்கை விட்ட பிறகும் ஓரடி எடுத்து வைப்பான். பலரும் இந்தக் கட்டத்தில் மேப்பரை மாற்றிப் பார்ப்பார்கள், அல்லது கன்ட்ரோலர் பழுது என்று முடிவுகட்டுவார்கள். பெரும்பாலும் இரண்டும் காரணம் இல்லை. முன்னிருப்பாக வந்த இரண்டு எண்களை அப்படியே விட்டதுதான் காரணம்: டெட் சோன், அதாவது எவ்வளவு தள்ளும்வரை ஸ்டிக்கைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்பது ஒன்று, மேல்வலம் போன்ற மூலைத் திசையின் கோணம் இன்னொன்று.

ஸ்டிக் சாதாரணமாக எவ்வளவு தள்ளினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லும். கீக்கு அது தெரியாது. அழுத்தம் உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். ட்யூப்லைட் சுவிட்சைப் பாதி தட்டினால் பாதி வெளிச்சம் வராது அல்லவா, அதே கதை. ஆகவே கன்ட்ரோலரை நேரடியாக ஏற்கும் விளையாட்டில் டெட் சோன் என்பது ஸ்டிக்கின் நடுக்கத்தை மறைக்கும் ஏற்பாடு. கீபோர்டு மேப்பிங்கில் அது கீ விழும் புள்ளி. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லா எண்களுக்கும் காரணம் புரியும்.

முதலில் அளந்து பாருங்கள்

எதையும் மாற்றும் முன் ஸ்டிக் உண்மையில் என்ன எண் தருகிறது என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் தேடல் பெட்டியில் 'செட் அப் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்' என்பதைத் திறந்து பிராப்பர்ட்டீஸுக்குப் போனால் ஒரு சிறு சதுரத்தில் கூட்டல் குறி நகர்வதைக் காணலாம். அதில் எண் தெரியாது. எண் வேண்டுமென்றால் பிரவுசரில் இயங்கும் கேம்பேட் சோதனைப் பக்கம் எதுவும் போதும். அவை கிடை, நெடு என்ற ஒவ்வோர் அச்சையும் −1 முதல் 1 வரை காட்டும். லினக்ஸில் ஜேஎஸ்டெஸ்ட் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலர்கள் பயன்படுத்தும் எக்ஸ்இன்புட் முறையில் அச்சின் அளவு −32768 முதல் 32767 வரை. ஆன்டிமைக்ரோஎக்ஸும் இதே அளவுகோலில்தான் எண்களைக் கேட்கும். ஆகவே சதவீதத்தை 327.67 ஆல் பெருக்கினால் அங்கே இட வேண்டிய எண் கிடைத்துவிடும்.

பார்க்க வேண்டியவை மூன்று.

ஒன்று, ஓய்வு நிலை. ஸ்டிக்கை இடப்பக்கம் முழுக்கத் தள்ளி, மெதுவாக விட்டு, எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதையே வலம், மேல், கீழ் என்று செய்யுங்கள். பழைய ஸ்டிக் நான்கு முறையும் நான்கு வெவ்வேறு இடத்தில் நிற்கும். அவற்றில் மையத்திலிருந்து அதிகம் விலகியது எதுவோ அதுதான் கணக்கு. இடப்பக்கமிருந்து விட்டபோது −0.04, மேலேயிருந்து விட்டபோது 0.09 என்றால் உங்கள் ஸ்டிக்கின் ஓய்வுப் பிழை 9%.

இரண்டு, துள்ளல். இப்போது முழுக்கத் தள்ளிய ஸ்டிக்கிலிருந்து விரலைச் சட்டென்று எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் ஸ்டிக்கை மையத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் கொண்டுபோய்த் திரும்ப அழைத்து வரும். வரைபடம் காட்டும் சோதனைப் பக்கமாக இருந்தால் எதிர்ப்பக்கம் ஒரு கூர்முனை தெரியும். அது கீ விழும் புள்ளியைத் தொட்டுவிட்டால் ஒரு கணம் எதிர்க் கீ விழும். வலப்பக்கம் ஓடி நின்ற ஆள் திடீரென்று இடப்பக்கம் முகம் திருப்பிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

மூன்று, எட்டும் தூரம். நான்கு திசைகளிலும் முழுக்கத் தள்ளி உச்ச எண்ணைப் பாருங்கள். தேய்ந்த ஸ்டிக் ஒரு பக்கம் 1.00, மறுபக்கம் 0.90 என்று தரும். பிறகு மூலைகளுக்குத் தள்ளுங்கள். ஸ்டிக்கின் விளிம்பு வட்டமானது என்பதால் மூலையில் இரண்டு அச்சுகளும் 0.71 அளவில் நிற்பது இயல்பு. சில கன்ட்ரோலர்கள் 0.8, 0.85 என்றும் தரும். அவை வட்டத்தைக் கொஞ்சம் சதுரமாக்கி அனுப்புகின்றன. இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், கோணம் பேசும்போது தேவைப்படும்.

விண்டோஸின் அதே பெட்டியில் காலிபிரேட் என்றும் ஒன்று இருக்கும். அது டைரக்ட்இன்புட் என்ற பழைய வழியில் படிக்கும் புரோகிராம்களுக்கு மட்டும் உதவும். எக்ஸ்இன்புட் வழியில் படிப்பவை அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே அங்கே மணிக்கணக்கில் உட்கார வேண்டாம்.

டெட் சோன் எவ்வளவு

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட்டுக்குப் பரிந்துரைத்த எண்கள் இடது ஸ்டிக்குக்கு 7849, வலது ஸ்டிக்குக்கு 8689. அதாவது ஏறத்தாழ 24%, 26.5%. ஆன்டிமைக்ரோஎக்ஸ் 8000 என்று தொடங்குவதும் இந்த அக்கம்பக்கம்தான். நேரடிக் கன்ட்ரோலர் ஆட்டத்துக்கு இவை நல்ல எண்கள். கீக்குப் பெரும்பாலும் குறைவு.

டெட் சோன் சிறிதாக இருந்தால் கீ சீக்கிரம் விழும், தாமதமாக எழும். பெரிதாக இருந்தால் தாமதமாக விழும், சீக்கிரம் எழும். இரண்டும் சேர்ந்தே வரும், ஒன்றை மட்டும் வாங்க முடியாது. 24% வைத்தால் தொட்டவுடன் ஆள் நகர்வான். ஆனால் நிறுத்த வேண்டுமென்றால் ஸ்டிக் முக்கால்வாசித் தூரம் திரும்பி வந்தாக வேண்டும். மேடையின் விளிம்பில் நிற்க வேண்டிய தாவு விளையாட்டில் அந்த இடைவெளி குழியில் தள்ளிவிடும். 45% வைத்தால் விரலைத் தளர்த்தியதுமே கீ எழுந்துவிடும். புறப்படுவது மட்டும் துளி தாமதமாகும். நிற்பதில் துல்லியம் வேண்டிய ஆட்டத்துக்குப் பெரிய எண், புறப்படுவதில் வேகம் வேண்டிய ஆட்டத்துக்குச் சிறிய எண். இதுதான் அடிப்படை.

கீழ்வரம்பை ஏற்கெனவே அளந்தாயிற்று. ஓய்வுப் பிழை, துள்ளல் இரண்டில் எது பெரிதோ அதற்கு மேல் 5% சேருங்கள். ஓய்வு 9%, துள்ளல் 22% என்றால் 27%க்குக் கீழே போகக் கூடாது. துள்ளல் மட்டும் மிக அதிகமாக இருந்தால் டெட் சோனை ஏற்றிக்கொண்டே போவதற்குப் பதில் ஆன்டிமைக்ரோஎக்ஸில் உள்ள ஸ்டிக் டிலேயைப் பயன்படுத்தலாம். திசை மாறியது என்று தெரிந்த பிறகு இத்தனை மில்லிசெகண்ட் பொறுத்துத்தான் கீயை மாற்ற வேண்டும் என்பது அது. துள்ளல் குறுகியது, பொறுப்பதற்குள் கடந்துவிடும். 10 மில்லிசெகண்டில் தொடங்கி 20 வரை போகலாம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட். 20ஐத் தாண்டினால் கட்டைவிரலுக்கே தாமதம் தெரிய ஆரம்பிக்கும்.

மேல்வரம்பும் உண்டு. கட்டைவிரல் இயல்பாக ஓய்வெடுக்கும் இடத்தில் எல்லையை வைக்காதீர்கள். மெதுவாக நகரும் பழக்கம் உள்ளவர்கள் ஸ்டிக்கைப் பாதியில் பிடித்துக்கொண்டிருப்பார்கள். டெட் சோனும் 50% என்றால் விரலின் சிறு நடுக்கத்துக்கே கீ விழுந்து எழுந்து விழும். விழுவதற்கு ஓர் எண், எழுவதற்கு அதைவிடக் கொஞ்சம் குறைந்த இன்னோர் எண் என்று தனித்தனியாக வைக்க உங்கள் மேப்பர் இடம் தந்தால் 5% இடைவெளி விடுங்கள், நடுக்கம் போய்விடும். அந்த வசதி இல்லையென்றால் எல்லையை 35%க்கோ 60%க்கோ தள்ளிவிடுவதுதான் வழி.

ஆன்டிமைக்ரோஎக்ஸில் மேக்ஸ் சோன் என்று ஒன்றும் கண்ணில் படும். எவ்வளவு தள்ளினால் முழுத் தள்ளல் என்று எடுத்துக்கொள்வது என்பது அது. வெறும் கீக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை. மவுஸுக்கும் தூரத்தைப் பார்த்து வேலை செய்யும் அமைப்புகளுக்கும் மட்டுமே அது பேசும்.

மூலைத் திசைகள்தான் உண்மையான சிக்கல்

டெட் சோனை எல்லோரும் ஒரு நாள் தொட்டுப் பார்ப்பார்கள். கோணத்தைத் தொடுபவர்கள் குறைவு. கீபோர்டு ஆட்டத்தில் இதுதான் அதிகம் படுத்தும்.

ஸ்டிக்கைச் சுற்றியுள்ள 360 பாகையை எட்டுத் துண்டாக்கினால் நான்கு நேர்த் திசைகள், நான்கு மூலைத் திசைகள். நேர்த் திசையில் ஒரு கீ, மூலையில் இரண்டு கீ. ஒவ்வொன்றுக்கும் எத்தனை பாகை என்பதை முடிவுசெய்ய மேப்பர்கள் இரண்டு வழியில் செயல்படும்.

முதல் வழியில் இரண்டு அச்சுகளையும் தனித்தனியாகப் பார்க்கும். கிடை அச்சு எல்லையைத் தாண்டினால் ஏ அல்லது டி, நெடு அச்சு தாண்டினால் டபிள்யூ அல்லது எஸ். கோணம் என்ற ஒன்று இங்கே அமைப்பாகவே இல்லை, எல்லையின் அளவே கோணத்தையும் தீர்மானித்துவிடும். ஸ்டிக்கை விளிம்புவரை தள்ளும்போது கணக்கு இப்படி வரும்: எல்லை 24% என்றால் நேர்த் திசைக்கு 28 பாகைதான், மூலைக்கு 62 பாகை. நேராக மேலே தள்ளுகிறோம் என்று நினைக்கும் கட்டைவிரல் 14 பாகை சாய்ந்தாலே பக்கவாட்டுக் கீயும் சேர்ந்து விழும். மனிதக் கட்டைவிரல் மேலே தள்ளும்போது ஒரு வளைவில்தான் போகும், அந்தச் சாய்வு மிகச் சாதாரணம். ஏணியிலிருந்து விழும் கதைக்குக் காரணம் இதுவே. எல்லை 38% என்றால் எட்டுத் துண்டும் சமமாக 45 பாகை. 50% என்றால் நேர்த் திசை 60, மூலை 30. 71%க்கு மேல் போனால் வட்ட விளிம்பில் இரண்டு அச்சுகளும் ஒரே நேரத்தில் எல்லையைத் தாண்டவே முடியாது, மூலைத் திசை அடியோடு மறைந்துவிடும்.

அதோடு முடியவில்லை. இந்தக் கோணங்கள் விளிம்புக்கு மட்டும்தான் பொருந்தும். 38% எல்லையில் ஸ்டிக்கை 70% தூரம் மட்டும் தள்ளினால் மூலைக்கு 24 பாகைதான் மிஞ்சும். 54%க்குக் குறைவாகத் தள்ளினால் மூலையே கிடையாது. ஒரே திசையில் தள்ளினாலும் எவ்வளவு தள்ளினோம் என்பதைப் பொறுத்து ஒரு கீயா இரண்டு கீயா என்று மாறும். ஆள் சில நேரம் சாய்ந்தும் சில நேரம் நேராகவும் ஓடுகிறான், காரணமே புரியவில்லை என்று குழம்பும் இடம் இதுதான்.

இரண்டாவது வழி நேர்மையானது. மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வட்டமாக அளந்து டெட் சோனுடன் ஒப்பிடும். பிறகு கோணத்தைத் தனியாகப் பார்த்துத் திசையை முடிவுசெய்யும். ஆன்டிமைக்ரோஎக்ஸ் ஸ்டிக்குக்கு இப்படித்தான் செய்கிறது. அதில் டயாகனல் ரேஞ்ச் என்ற எண் மூலைத் துண்டின் அகலம். 45 வைத்தால் எல்லாம் சமம். 30 வைத்தால் மூலைக்கு 30, நேர்த் திசைக்கு 60. ஸ்டீமில் ஸ்டிக்கை டைரக்ஷனல் பேட் என்று மாற்றினால் வரும் ஓவர்லாப் ஸ்லைடரும் இதே வேலையைச் செய்யும். வெர்ஷனுக்கு வெர்ஷன் பெயரும் இடமும் கொஞ்சம் மாறலாம்.

உங்கள் மேப்பர் எந்த வழி என்று தெரியவில்லையா? ஸ்டிக்கைப் பாதித் தூரம் மட்டும் தள்ளி, அதே தூரத்தில் ஒரு முழு வட்டம் மெதுவாகச் சுற்றுங்கள். எல்லை 40% வைத்திருக்கும்போது மூலைகளில் இரண்டு கீ விழுந்தால் வட்ட அளவை. ஒரு கீயே இல்லாமல் போனாலோ ஒன்று மட்டும் விழுந்தாலோ அச்சு அளவை. அச்சு அளவையாக இருந்தால் டெட் சோனை முதலில் கோணத்துக்காகத் தேர்ந்தெடுங்கள், 38% நல்ல தொடக்கம். விழும் வேகத்தைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம்.

கீ விழுவதைக் கண்ணால் பார்க்க, கீபோர்டு சோதனைப் பக்கம் ஒன்று திறந்துகொண்டால் அழுத்தியிருக்கும் கீ வண்ணம் மாறிக் காட்டும். நோட்பேடும் ஆகும், ஆனால் அதைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். ஸ்டிக்கை மேலே பிடித்துக்கொண்டே இருந்தாலும் சில மேப்பர்களில் ஒரே ஒரு எழுத்துதான் வரும். அது கோளாறு அல்ல. புரோகிராம் அனுப்பும் கீயை விண்டோஸ் தானாகத் திரும்பத் திரும்ப அடிக்காது. கீ அழுந்தியே இருக்கிறது என்பது விளையாட்டுக்குத் தெரியும், அது போதும். இந்த இயல்பே ஒரு வசதி: ஓர் எழுத்து என்றால் ஓர் அழுத்தம். ஸ்டிக்கை எல்லைக்கு அருகே பிடித்துப் பாருங்கள், எழுத்துகள் வரிசையாக வந்து விழுந்தால் அத்தனை முறை கீ துடித்திருக்கிறது. திரும்ப அடிப்பதைத் தானே செய்துகொடுக்கும் மேப்பரில் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே எழுத்துகள் தயங்கித் தயங்கி வருகின்றனவா என்று பாருங்கள். டபிள்யூ, ஏ, எஸ், டிக்குப் பதில் ஈ, அ, இ, உ என்று திரையில் வந்தால் தமிழ்99 இயங்கிக்கொண்டிருக்கிறது. ஆட்டத்துக்கு முன் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சில கேம்களில் கீ விளையாட்டைச் சேராமலே போகும்.

எந்த ஆட்டத்துக்கு எது

தாவு விளையாட்டு, பக்கவாட்டில் நகரும் சண்டை விளையாட்டு: டெட் சோன் 40 முதல் 45%, மூலை 30 பாகை. ஓடும்போது தெரியாமல் குனிவதும், ஏணியில் நழுவுவதும் நின்றுவிடும். மூலைத் திசையில் சுட வேண்டிய ஆட்டம் என்றால் 35 பாகை வரை ஏற்றலாம். இருவர் மட்டும் நேருக்கு நேர் மோதும் சண்டை விளையாட்டில் கால்வட்டம் சுற்றி அடிக்கும் அடிகளுக்கு மூலை கட்டாயம் பதிவாக வேண்டும், அங்கே 45ஐக் குறைக்காதீர்கள்.

மேலிருந்து பார்க்கும் சுடும் விளையாட்டு: 25 முதல் 30%, 45 பாகை. எட்டுத் திசையும் சமமாகத் தேவைப்படும், தப்பி ஓடுவதில் வேகமும் தேவை.

முதல் நபர் பார்வையில் ஆடுபவை: 30%, 35 முதல் 40 பாகை. முன்னோக்கி ஓடுவதுதான் பெரும்பாலான நேரம், ஆகவே அதற்குக் கொஞ்சம் அகலம் கூடுதலாக இருக்கட்டும்.

கட்டம் கட்டமாக நகரும் புதிர்கள், மெனுக்கள்: மூலையே வேண்டாம். ஆன்டிமைக்ரோஎக்ஸில் 4 வே கார்டினல், ஸ்டீமில் ஓவர்லாப் இல்லாத 4 வே. டெட் சோன் 55 முதல் 60%. இங்கே ஒரு தவறான அழுத்தம் ஒரு நகர்வையே வீணாக்கும், ஆகவே வேண்டுமென்று தள்ளினால் மட்டுமே விழட்டும். கீயைத் தானாகத் திரும்பத் திரும்ப அடிக்கும் டர்போ எங்காவது இயங்குகிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள்.

நம்பர் பேடில் ஆடும் ரோக்லைக்குகளில் (கட்டம் கட்டமாக, முறைவைத்து நகரும் விளையாட்டுகள்) மூலைக்கு 7, 9, 1, 3 என்று தனிக் கீ இருக்கும். சாதாரண முறையில் மூலையில் 8ம் 6ம் சேர்ந்து விழும், விளையாட்டு அதை இரண்டு நகர்வாக எடுத்துக்கொள்ளும். ஆன்டிமைக்ரோஎக்ஸில் எய்ட் வே என்ற முறைக்கு மாற்றினால் மூலைகளுக்குத் தனிப் பொத்தான் தோன்றும், அங்கே 9ஐயும் மற்றவற்றையும் வையுங்கள். நம்லாக் எரிகிறதா என்றும் பாருங்கள்.

சாய்கோணத்தில் வரைந்த உலகமும் டபிள்யூ அடித்தால் மேல்வலப் பக்கம் நகரும் ஆளும் இருந்தால் 4 வே டயாகனல் முறை சரியாக இருக்கும். ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கமே ஆள் போவான்.

நடையும் ஓட்டமும்

கீக்குப் பாதி என்பது கிடையாது என்றாலும், பல விளையாட்டுகளில் நடைக்கும் ஓட்டத்துக்கும் ஒரு ஷிப்ட் கீ இருக்கும். ஸ்டிக்கின் வெளி வளையத்தில் அந்த ஷிப்டை வைத்துவிட்டால் கொஞ்சம் தள்ளினால் நடை, முழுக்கத் தள்ளினால் ஓட்டம். ஸ்டீமில் இது அவுட்டர் ரிங் கமாண்ட். ஆன்டிமைக்ரோஎக்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் டிஸ்டன்ஸ் என்ற வகையைச் சேர்த்துச் செய்யலாம்.

வளையத்தை 95%இல் வைப்பதுதான் வழக்கமான தவறு. அளந்தபோது ஒரு பக்கம் 0.90தான் எட்டியது என்றால் அந்தப் பக்கம் ஓட்டமே வராது. எட்டும் தூரங்களில் மிகக் குறைந்ததை எடுத்து அதிலிருந்து 5% கழியுங்கள், பெரும்பாலும் 80 முதல் 85%இல் வந்து நிற்கும். டெட் சோனுக்கும் வளையத்துக்கும் நடுவே குறைந்தது 35% இடம் இருந்தால்தான் நடையில் நிலைத்து நிற்க முடியும். டெட் சோன் 45%, வளையம் 80% என்றால் அதுவே எல்லை. அதற்கு மேல் நெருக்கினால் விரலால் பிரித்தறிய முடியாது.

சில விளையாட்டுகளில் ஓட்டம்தான் இயல்பு, ஷிப்ட் அழுத்தினால் நடை. அங்கே வளையத்தைத் தலைகீழாக்க வேண்டும். ஸ்டீமில் இன்வர்ட் என்று இருப்பதை இயக்கினால் வளையத்துக்கு உள்ளே இருக்கும்போது ஷிப்ட் அழுந்தியிருக்கும். ஷிப்டை ஒருமுறை தட்டினால் ஓட்டம், மறுமுறை தட்டினால் நடை என்று மாறும் விளையாட்டில் இந்த ஏற்பாடே குழப்பும். முதலில் விளையாட்டின் செட்டிங்கில் ஹோல்டு என்பதற்கு மாற்றிவிட்டு வாருங்கள். ஷிப்டை ஐந்து முறை விரைவாக அழுத்தினால் விண்டோஸின் ஸ்டிக்கி கீஸ் பெட்டி குதித்து வரும். வளையத்தின் எல்லையில் தடுமாறும் விரல் அதை எளிதில் வரவழைத்துவிடும் என்பதால் அந்தக் குறுக்குவழியை முன்பே அணைத்து வைப்பது நல்லது.

விட்டுவிட்டு அழுத்துதல்

கார் விளையாட்டில் வளைவுக்கு வளைவு முழு ஸ்டியரிங் என்றால் வண்டி பாம்பாகப் போகும். இதற்கு ஸ்டீமில் அனலாக் எமுலேஷன் என்ற வழி உண்டு. ஸ்டிக்கை 60% தள்ளினால் கீயை 60% நேரம் அழுத்தி 40% நேரம் விடும். 100 மில்லிசெகண்ட் சுற்று என்றால் 60 அழுத்தம், 40 விடுதல். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் 100 மில்லிசெகண்டில் 6 ஃபிரேம்தான் இருக்கும். ஆகவே உண்மையில் கிடைப்பது ஆறு படிகள். 30 ஃபிரேம் என்றால் மூன்றே படிகள். சுற்றை 40 மில்லிசெகண்டுக்குக் குறைத்தால் நுணுக்கம் கூடும் என்று தோன்றும், நடப்பது தலைகீழ்: ஒரு ஃபிரேமுக்குள் விழுந்து எழும் அழுத்தங்களை விளையாட்டு பார்க்காமலே விட்டுவிடும். 80 முதல் 120க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டியரிங்கைத் தானே மெதுவாகத் திருப்பும் கார் விளையாட்டுகளில் இது அழகாக வேலை செய்யும். ஆள் நடக்கும் விளையாட்டில் நடை வெட்டிவெட்டி வரும். இருமுறை தட்டினால் பாய்ச்சல் என்று வைத்திருக்கும் ஆட்டத்தில் இதை இயக்கினால் ஆள் நிற்காமல் பாய்ந்துகொண்டே இருப்பான். ஸ்டியரிங்குக்கு மட்டும் வையுங்கள், ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் ட்ரிகரில் சாதாரணக் கீயாகவே இருக்கட்டும்.

வலது ஸ்டிக் மவுஸாக இருந்தால்

அங்கே டெட் சோன் தன் பழைய வேலைக்குத் திரும்பிவிடும், நடுக்கத்தை மறைப்பது மட்டுமே. ஓய்வுப் பிழைக்கு மேல் 3% சேர்த்தால் போதும், 10 முதல் 15% வரை. விளையாட்டுக்குள் மவுஸ் ஆக்ஸிலரேஷனை அணைத்துவிட்டு, மேப்பரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, முழுக்கத் தள்ளினால் ஒரு முழுச் சுற்று திரும்ப ஒன்றரை முதல் இரண்டு நொடி ஆகும்படி வையுங்கள். நெடுக்கு வேகம் கிடைக்கு வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. வளைகோட்டில் லீனியரை விட என்ஹான்ஸ்டு பிரிசிஷனோ குவாட்ராட்டிக்கோ குறி வைக்க வசதி.

எண்கள் சரியாக இருந்தும் வேலை செய்யாவிட்டால்

நோட்பேடில் எழுத்து வருகிறது, விளையாட்டில் ஆள் அசையவில்லை என்றால் விளையாட்டு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையில் ஓடுகிறதா என்று பாருங்கள். குறைந்த உரிமையில் ஓடும் புரோகிராம் அனுப்பும் கீயை அதிக உரிமையில் ஓடும் ஜன்னலுக்கு விண்டோஸ் போக விடாது. மேப்பரையும் அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால் தீர்ந்தது. லினக்ஸில் எந்த ஜன்னலுக்குமே கீ போகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும், மேப்பர் கீயை அனுப்பப் பயன்படுத்தும் யூஇன்புட் சாதனத்தில் எழுத அனுமதி இல்லாததுதான்.

ஒருமுறை தள்ளினால் இரண்டு கட்டம் நகர்கிறது, மெனு இரண்டிரண்டாகத் தாவுகிறது என்றால் ஒரே ஸ்டிக்கை இரண்டு பேர் படிக்கிறார்கள். விளையாட்டுக்கே அரைகுறைக் கன்ட்ரோலர் ஆதரவு இருக்கலாம், அல்லது பின்னணியில் ஸ்டீம் திறந்திருந்து அதன் டெஸ்க்டாப் லேஅவுட்டும் கீயோ மவுஸோ அனுப்பிக்கொண்டிருக்கலாம். முதலாவதுக்கு விளையாட்டுக்குள் கன்ட்ரோலரை அணையுங்கள், முடியாவிட்டால் ஹிட்ஹைட் என்ற புரோகிராம் கொண்டு அந்த விளையாட்டின் கண்ணிலிருந்து கன்ட்ரோலரை மறைத்துவிடலாம். இரண்டாவதுக்கு ஸ்டீமையோ மற்ற மேப்பரையோ மூடுங்கள். இரண்டையும் சேர்த்து ஓட்டுவதில் ஒரு லாபமும் இல்லை.

மேப்பர் ஜன்னலை மூடிய பிறகும் ஆள் ஒரு பக்கமாகவே ஓடினால் கீ எழுந்த செய்தி போகாமலே புரோகிராம் நின்றுவிட்டது. உண்மையான கீபோர்டில் அதே கீயை ஒருமுறை தட்டினால் விடுபடும்.

ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில், புரோகிராம் அனுப்பும் கீயை, ஏமாற்று வேலையைப் பிடிக்கும் ஆன்டிசீட் தடுக்கலாம். அந்த விளையாட்டின் விதிகளைப் பார்க்காமல் மேப்பரைத் திறக்காதீர்கள், கணக்கே பறிபோகும் ஆபத்து அங்கே உண்டு.

டெட் சோனை 40%க்கு ஏற்றியும் ஸ்டிக்கைத் தொடாமலே கீ விழுகிறது என்றால் எண்ணால் சரிசெய்யும் கட்டம் தாண்டிவிட்டது. பெரும்பாலான ஸ்டிக்குகளுக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், அதன் கார்பன் தடம் தேயும்போது எண் மையத்தில் நிற்காமல் தாவும். மாற்று மாட்யூல் வாங்கிப் பற்றவைக்கலாம், ஹால் எஃபெக்ட் வகை என்றால் காந்தத்தால் அளப்பதால் அந்தத் தேய்மானம் அதற்கு இல்லை. அதுவரை ஆட்டம் ஓட வேண்டுமென்றால் நான்கு திசைகளையும் டி-பேடுக்கு, அதாவது கன்ட்ரோலரின் கூட்டல் வடிவத் திசைப் பொத்தானுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தாவு விளையாட்டுக்கும் புதிருக்கும் நல்ல ஸ்டிக்கைவிட டி-பேடே மேல்.